சலேத் அக்காவுக்கு ஒரு சிப்

ஆசியாக் கண்டத்திலேயே பெண்டாட்டிக்கு நாய் ஆஸ்பத்திரியில் டோக்கன் வாங்கிய ஒரே மனிதர் எங்கள் வோல்டேஜ் அண்ணன்தான். சத்தியமாகச் சொல்கிறேன், நான் பக்கத்தில்தான் உட்கார்ந்திருந்தேன். எனக்கு இந்தப் பக்கம் ஒரு வெள்ளாடு, அந்தப் பக்கம் அண்ணனின் மனைவி சலேத் அக்கா, அக்காவின் மடியில் யார் வீட்டுடையதோ ஒரு பொமரேனியன். "அடப்பாவி மனுஷா" என்று அதற்குள் வாயெடுத்துவிடாதீர்கள். முழுசாகக் கேட்டுவிட்டுத் திட்டலாம். நானும் முதலில் திட்டியவள்தான்.

அண்ணன் கொடைக்கானலில் ஓர் உறைவிடப் பள்ளியில் எலக்ட்ரீஷியனாக இருந்து ஓய்வு பெற்றவர். அவருடைய சொந்தப் பெயர் ரேஷன் கார்டுக்கும் மாதா கோயில் பங்குச் சாமியாருக்கும் மட்டும்தான் தெரியும். மழைக்காலத்தில் எங்கள் மலையில் பல்பு எரிகிறதா இல்லையா என்று பார்க்கவே இன்னொரு பல்பு வேண்டும். அண்ணன் யார் வீட்டுக்குள் நுழைந்தாலும் முதலில் அண்ணாந்து பார்த்து, "வோல்டேஜ் இல்ல" என்பார். அப்புறம்தான் "நல்லாருக்கீகளா" எல்லாம். அதுவே பெயராக நின்றுவிட்டது. சட்டைப் பையில் எந்நேரமும் ஒரு டெஸ்டர் சொருகியிருக்கும். பூசைக்கு வந்தாலும் டெஸ்டர், கேத வீட்டுக்குப் போனாலும் டெஸ்டர்.

உலகத்தில் எது கெட்டாலும் அவர் சொல்லும் காரணம் ஒன்றே ஒன்று. எர்த் சரியில்லை. மாமியாரும் மருமகளும் சண்டை போட்டால் எர்த் இல்லை. பையன் பரீட்சையில் தோற்றால் எர்த் இல்லை. ஒரு கல்யாணத்தில் மணப்பெண் "சம்மதம்" என்று சொல்ல வாயைத் திறந்த நேரத்தில் மைக் 'கொய்ய்ய்' என்று கத்தியது. அண்ணன் விடுவிடுவென்று பீடம் வரைக்கும் போய், "சாமி, கொஞ்சம் பொறுங்க, எர்த் இல்ல" என்று மைக்கைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். சரிசெய்கிற வரைக்கும் மாப்பிள்ளை பாதிக் கல்யாணத்தோடு நின்றுகொண்டிருந்தார்.

நான் அப்போது மலையில் ஒரு சின்ன ஆஸ்பத்திரியில் மருந்துக் கவுண்டரில் இருந்தேன். அண்ணன் வீட்டுக்கு எதிர் வீடு. ஊருக்கெல்லாம் பட்டப்பெயர் வைக்கிறவர் என்னை மட்டும் சும்மா விடுவாரா? எனக்கு வைத்த பெயர் "மாத்திரை". நடுரோட்டில் ஆயிரம் டூரிஸ்ட் நிற்கும்போது "ஏம்மா மாத்திரை!" என்று கூப்பிடுவார். எனக்கு மானம் போகும்.

சலேத் அக்கா அதே பள்ளியில் பேக்கரியில் வேலை பார்த்தவர். அவர் கையால் செய்த பன் சாப்பிட்டு வளர்ந்த பிள்ளைகள் இன்று எந்தெந்த நாட்டிலோ இருக்கிறார்கள். அவருக்குச் சொந்தமாகப் பிள்ளை இல்லை. அறுபது தாண்டியதும் மெல்ல மறதி வந்தது. சாதாரண மறதி இல்லை, டாக்டர் பெயர் சொல்லி மருந்து எழுதித் தருகிற மறதி. ஆனால் அக்காவின் சுபாவம் மட்டும் மாறவில்லை. சிரித்த முகம். யார் கூப்பிட்டாலும் "இந்தா வர்றேன்" என்று கிளம்பிவிடுவார்.

இது எவ்வளவு பெரிய ஆபத்து என்று முதலில் எங்களுக்குப் புரியவில்லை, சிரிப்பாகத்தான் இருந்தது. ஒரு நாள் திருச்சிப் பக்கத்துக் குடும்பம் ஒன்று வேனை நிறுத்தி ஏரிக்கு வழி கேட்டிருக்கிறது. பேச்சுக்கு, "நீங்களும் வர்றீங்களாம்மா?" என்றிருக்கிறார்கள். அக்கா ஏறி உட்கார்ந்துவிட்டார். அவர்கள் இவரை லாட்ஜ்காரர் அனுப்பிய கைடு என்று நினைத்துவிட்டார்கள். படகில் போனார்கள், சோளம் தின்றார்கள், பைன் மரக் காட்டில் போட்டோ எடுத்தார்கள். நாங்கள் இங்கே கைகால் ஓடாமல் தெருத்தெருவாகத் தேடிக்கொண்டிருந்தபோது, சாயங்காலம் வேன் வந்து நின்றது. "கைடம்மா ரொம்பத் தங்கமான ஆளு. ஒரு இடத்துக்கும் வெளக்கம் மட்டும் சொல்ல மாட்டேங்குறாங்க" என்றார் அந்தக் குடும்பத்துக்காரர்.

அண்ணன் அன்றைக்குச் சிரிக்கவில்லை. "மாத்திரை, இவளுக்கு அந்த ஊசி ஆகாதும்மா. எங்கயாவது விழுந்து கெடந்து, எவனாவது தூக்கிட்டுப் போயி, நல்லது செய்யுறேன்னு போட்டுட்டான்னா?" என்றார்.

அந்த ஊசி என்றால் பென்சிலின். கல்யாணமான புதிதில் ஏதோ காய்ச்சலுக்குப் போட்டார்களாம். கொஞ்ச நேரத்தில் முகம் வீங்கி, தொண்டை அடைத்து, அக்கா செத்துப் பிழைத்தார். சிலருக்கு அப்படி ஒரு ஒவ்வாமை. ஒரு தரம் தப்பித்தவர்கள் மறு தரம் தப்பிப்பார்கள் என்று சொல்ல முடியாது. முன்னெல்லாம் அக்காவே எந்த டாக்டரைப் பார்த்தாலும் முதல் வார்த்தையாக அதைச் சொல்லிவிடுவார். இப்போது சொல்ல வேண்டும் என்பதே அவருக்கு ஞாபகம் இல்லை.

அண்ணன் பயந்தது சீக்கிரமே நடக்கப் பார்த்தது. அதுவும் எங்கள் ஆஸ்பத்திரியிலேயே.

இங்கே ஒன்று சொல்ல வேண்டும். எங்கள் பக்கத்தில் பெண் பிள்ளை பிறந்தால் கோயிலில் இருக்கிற சலேத் மாதாவின் பெயரை வைப்பது வழக்கம். ஆகையால் மலையில் எந்தக் கூட்டத்திலும் "சலேத் மேரி" என்று ஒரு குரல் கொடுத்தால் பாதிப் பெண்கள் திரும்பிப் பார்ப்பார்கள். வெளியூரிலிருந்து புதிதாக வந்த நர்ஸ் ஒருத்திக்கு இது தெரியாது. மாதா மாதம் பென்சிலின் போட்டுக்கொள்கிற இதய நோயாளி ஒரு சலேத் மேரி உண்டு, சின்ன வயசுப் பெண். அவளுடைய மருந்தை நான்தான் கவுண்டரில் எடுத்துக் கொடுத்தேன். நர்ஸ் வெளியே வந்து "சலேத் மேரி!" என்று கூப்பிட்டாள். அந்தப் பெண் பாத்ரூமில் இருந்தாள். பெஞ்சில் இருந்த நாலைந்து சலேத் மேரிகள் எழுந்தார்கள். "ஊசிக்கு!" என்றாள் நர்ஸ். ஊசி என்றதும் எல்லாரும் உட்கார்ந்துவிட்டார்கள். எங்கள் சலேத் அக்கா மட்டும், "இந்தா வர்றேன்" என்று சிரித்துக்கொண்டே உள்ளே போனார்.

அண்ணன் டீக்குப் போய்விட்டுத் திரும்பியவர், பெஞ்சில் ஆளைக் காணாமல் என்னிடம் ஓடிவந்தார். "ஊசி ரூமுக்குள்ள போனாங்களே" என்றார் பக்கத்தில் இருந்த ஒரு அம்மா. என் கையில் இருந்த மாத்திரை அட்டை கீழே விழுந்தது. பெண்கள் ஊசி போடும் அறை, உள்பக்கம் தாழ்ப்பாள். அண்ணன் கதவைத் தட்டினார், கத்தினார். உள்ளேயிருந்து "ஆம்பளைங்க வெளிய இருங்க!" என்று பதில் வந்தது. நான் கவுண்டரைச் சுற்றிக்கொண்டு ஓடிவருவதற்குள் அண்ணன் அங்கே இல்லை.

திடீரென்று ஆஸ்பத்திரி முழுக்க இருண்டது. வெளியே பனிமூட்டம் வேறு, நட்டநடுப் பகலில் பக்கத்தில் நிற்கிறவர் முகம் தெரியவில்லை. கம்ப்யூட்டர் அணைந்தது, எக்ஸ்ரேக்காரர் கத்திக்கொண்டு வெளியே வந்தார். ஊசி அறைக்குள் நர்ஸ், "இருங்கம்மா, கரெண்டு வரட்டும்" என்று சொல்வது கேட்டது. நான் கதவோடு ஒட்டி நின்று, "ஆள் மாறிப்போச்சு சிஸ்டர், போட்ராதீங்க!" என்று தொண்டை கிழியக் கத்தினேன். இந்தத் தடவை கேட்டது.

மெயின் பியூஸைப் பிடுங்கியவர் வோல்டேஜ் அண்ணன். அந்தக் கட்டடத்துக்கு ஒயரிங் செய்தவரே அவர்தானே. பெரிய டாக்டரம்மா வந்து, "ஊசிக்கும் கரெண்டுக்கும் என்ன சம்பந்தம்? அறிவிருக்கா உங்களுக்கு?" என்று கேட்டார். அண்ணன் கையில் பியூஸ் கட்டையோடு நின்றார். "எனக்கு நிறுத்தத் தெரிஞ்சது அது ஒண்ணுதான் டாக்டரம்மா" என்றார். டாக்டரம்மா, "சரி, போயி கரெண்டப் போடுங்க" என்றார். நர்ஸைத் தனியாகக் கூப்பிட்டுப் பேசினார், அது எங்கள் காதிலும் விழுந்தது.

அன்றிலிருந்து எங்கள் ஆஸ்பத்திரியில் எல்லாருக்கும் மணிக்கட்டில் பெயர்ப் பட்டை கட்டும் பழக்கம் வந்தது. அக்காவுக்கென்று அண்ணன் தனியாக ஒன்று செய்வித்தார். பெயர், வீடு, போன் நம்பர், என்ன மருந்து ஆகாது, எல்லாம் இருக்கும். அக்கா அதைக் கழற்றி, "அழகா இருக்குல்ல, நீ வச்சுக்க" என்று பால்காரரின் மகளிடம் கொடுத்துவிட்டார். அடுத்து அண்ணன், அக்காவின் கழுத்துச் செயினில் டாலராகச் செய்து மாட்டினார். அக்கா அதைக் கொண்டுபோய் மாதா சுரூபத்தின் கழுத்தில் போட்டுவிட்டார். பங்குச் சாமியார் போன் செய்து, "ஏம்ப்பா, நம்ம மாதாவுக்குப் பென்சிலின் ஆகாதுன்னு எழுதியிருக்கு" என்றார். அண்ணன் ஸ்வெட்டருக்குள் எல்லாம் எழுதிய துணி ஒன்றை வைத்துத் தைத்துப் பார்த்தார். ஸ்வெட்டரே ஒரு நாள் பஸ் ஸ்டாண்டில் குளிரில் நின்ற யாரோ ஒருவர் மேல் இருந்தது. அக்காவிடம் எது கொடுத்தாலும் அது அடுத்தவருக்குத்தான். என்றைக்கும் அப்படித்தான் இருந்தவர்.

"கழட்ட முடியாத ஒண்ணு வேணும் மாத்திரை" என்று புலம்பிக்கொண்டே இருந்தார் அண்ணன். அந்த நேரம் பார்த்து வட்டக்கானலில் ஒரு கெஸ்ட் ஹவுஸில் கீசர் ரிப்பேர் என்று அவரைக் கூப்பிட்டார்கள். அங்கே தங்கியிருந்த ஒரு வெள்ளைக்கார அம்மா, தெருநாய் ஒன்றை எடுத்து வளர்த்து, அதற்கு இட்லி என்று பெயர் வைத்து, ஊருக்குத் திரும்பும்போது கூடவே விமானத்தில் கூட்டிப்போக ஏற்பாடு செய்துகொண்டிருந்தார். அதற்காக மாட்டு டாக்டர் வந்திருந்தார். ஒரு தடிமனான ஊசியால் இட்லியின் பிடரித் தோலுக்குள் அரிசி மணி அளவு சிப் ஒன்றைச் செலுத்தினார். பிறகு கையளவு மெஷின் ஒன்றை மேலே காட்டினார். 'கீச்' என்றது. நம்பர் வந்தது.

அண்ணன் கீசரை அப்படியே பிரித்துப் போட்டுவிட்டு என் கவுண்டருக்கு வந்து நின்றார். மூச்சிரைத்தது. "இட்லி, மாத்திரை, இட்லி!"

"சாப்பிடலையாண்ணே?"

"அட சீ! நாயி பேரு இட்லி. அது எந்த நாட்டுல போயி நின்னாலும் இன்னாரு வீட்டு நாயின்னு தெரிஞ்சிரும். தோலுக்குள்ள இருக்கு, கழட்டி யாருக்கும் குடுக்க முடியாது. நாளைக்கு வெள்ளனே ரெடியா இரு, ஒரு சோலி இருக்கு."

என்ன சோலி என்று சொல்லவில்லை. அப்படித்தான் நான் வெள்ளாட்டுக்கும் சலேத் அக்காவுக்கும் நடுவில் உட்கார்ந்தேன்.

டோக்கன் எழுதுகிறவர் தலை நிமிராமல் கேட்டார். "பேரு?"

"சலேத்."

"வயசு?"

"அறுபத்தி மூணு."

அவர் பேனாவை நிறுத்தி, "மாசமா?" என்றார்.

"வருசம்ப்பா."

"தடுப்பூசி போட்டிருக்கா?"

"சின்ன வயசுல அம்மை குத்தியிருக்கு."

"கடிக்குமா?"

"சேச்சே. கோவம் வந்தா ரெண்டு நாளைக்குப் பேசாது, அவ்வளவுதான்."

அப்போதுதான் அவர் தலையைத் தூக்கிப் பார்த்தார். நான் எழுந்து ஓடிவிடலாமா என்று வாசலைப் பார்த்தேன். அக்கா பொமரேனியனின் காதைத் தடவியபடி, "என்ன அழகா இருக்கு பாரு" என்றார்.

மாட்டு டாக்டர் இளவயசுக்காரர், நல்ல மனிதர். அண்ணன் சொன்னதையெல்லாம் சிரிக்காமல் கேட்டுக்கொண்டார், அதற்கே அவருக்குக் கோடி புண்ணியம். "அங்கிள், இத மனுஷங்களுக்கு நான் போட முடியாது. போட்டா என் வேலை போயிரும்."

"வெளிநாட்டுல ஆஸ்பத்திரிக்காரங்களே பேஷண்டுக்குப் போட்டுப் பாத்திருக்காங்களாமே தம்பி?"

"படிச்சிருக்கேன் அங்கிள். ஆனா நீங்க நெனைக்கிற மாதிரி இல்ல. இது ஆள் எங்க இருக்குன்னு காட்டாது. இதுல பேட்டரி கெடையாது. மெஷின பக்கத்துல கொண்டுபோனா ஒரு நம்பர் சொல்லும், அவ்வளவுதான். நம்ம ஊரு ஆஸ்பத்திரில எவன்கிட்ட அந்த மெஷின் இருக்கு? ஆன்ட்டி மயங்கிக் கெடந்தா, உள்ள சிப் இருக்குன்னு யாருக்குத் தெரியும்?"

அண்ணன் விடவில்லை. "மெஷின நான் வாங்கிக் குடுக்குறேன். மதுரை வரைக்கும் எல்லா ஆஸ்பத்திரிலயும் ஒண்ணு வச்சிருவேன்" என்றார். பென்ஷன்காரர் பேசுகிற பேச்சா இது? நான் அவர் சட்டையைப் பிடித்து இழுத்தேன்.

டாக்டர் அக்காவைப் பார்த்துவிட்டு, "அங்கிள், ஆன்ட்டிகிட்ட கேட்டீங்களா?" என்றார்.

அண்ணனுக்கு முகம் மாறிவிட்டது. கேட்கவில்லை என்று பார்த்தாலே தெரிந்தது. அக்கா பக்கம் திரும்பி, குனிந்து, மெதுவாகக் கேட்டார். "சலேத்து, தோலுக்குள்ள சின்னதா ஒண்ணு வைப்பாங்க. நீ தொலைஞ்சு போனா நீ யாருன்னு தெரியுறதுக்கு. வைக்கட்டுமா?"

அக்கா தன் கழுத்தைக் கையால் பொத்திக்கொண்டார். நெற்றி சுருங்கியது. "வேணாங்க. நான் என்ன தொலைஞ்சா போனேன்?" என்றார்.

இரண்டு நிமிடம் போயிருக்கும். அண்ணன் மறுபடி கேட்டார். அக்கா சிரித்த முகத்தோடு, "சரி, வைங்க" என்றார்.

அண்ணன் எழுந்து டாக்டருக்குக் கும்பிடு போட்டுவிட்டு அக்காவின் கையைப் பிடித்து வெளியே கூட்டிவந்துவிட்டார். எனக்குக் கோபம். "அதான் சரின்னுட்டாங்களேண்ணே! இவ்வளவு தூரம் என் மானத்த வாங்கிட்டு, இப்ப என்ன?" என்றேன்.

"அந்தச் சரி யாரு கேட்டாலும் சொல்ற சரிம்மா. வேணாம்னு சொன்னாளே, அதுதான் அவ சொன்னது. நான் அவ மூஞ்சியப் பாத்தேன்" என்றார். அந்த மனிதரை அதுவரை வெறும் கோமாளி என்று நினைத்துவிட்டோமே என்று எனக்கு வெட்கமாக இருந்தது.

கோமாளித்தனம் அதோடு முடிந்தது என்று நினைக்காதீர்கள். அடுத்த நாள் காலையிலிருந்துதான் ஆரம்பம். சிப்பும் இல்லை, மெஷினும் இல்லை என்றான பிறகு, ஊரையே மெஷினாக ஆக்கிவிடுவது என்று அண்ணன் முடிவு கட்டிவிட்டார். தினமும் அக்காவைக் கூட்டிக்கொண்டு ஏரி, ஏழு ரோடு, பஸ் ஸ்டாண்டு என்று ஒரு சுற்று. ஞாயிற்றுக்கிழமை சந்தையில் இன்னொரு சுற்று. எதிரே வருகிறவர்களையெல்லாம் நிறுத்தி வைத்துப் பரீட்சை.

"ஏலே முருகேசு, இது யாரு?"

சோளக்காரர் முருகேசு, "நம்ம சலேத் அக்கா" என்பார்.

"என்ன ஆகாது?"

"குளிர்ந்த தண்ணி?"

"பெயிலு! பென்சிலின்! நாளைக்கு மறுபடி கேப்பேன், படிச்சு வையி."

குதிரைக்காரர்கள் படித்தார்கள். படகுத் துறையில் டிக்கெட் கிழிக்கிறவர் படித்தார். டாக்சி ஸ்டாண்டு மொத்தமும் பாஸ். ஒரு போலீஸ்காரர் டிராபிக்கை நிறுத்திவிட்டு ஒப்பித்ததை நானே பார்த்தேன். பங்குச் சாமியார் பூசை முடிந்து அறிவிப்பில் சொன்னார். கடைசியில் என்ன ஆனது என்றால், யாருக்கும் அண்ணன் கேட்கும்வரை காத்திருக்கப் பொறுமை இல்லை. அக்காவைத் தூரத்தில் பார்த்ததுமே, "வாங்கக்கா, பென்சிலின் ஆகாது!" என்று கை தூக்கினார்கள். அக்காவும் அது ஏதோ வணக்கம் என்று நினைத்து, "உங்களுக்கும்ப்பா!" என்று திருப்பிச் சொல்வார். டூரிஸ்டுகள் இதுதான் மலைவாசிகளின் முகமன் போலிருக்கிறது என்று நினைத்து, போகிறபோக்கில் "பென்சிலின் ஆகாது" என்று எங்களையெல்லாம் பார்த்துக் கும்பிட்டார்கள்.

"இதுக்கு அந்த ஊசியே பரவால்லண்ணே" என்று நான் தலையில் அடித்துக்கொண்டேன்.

"ஒரு லைன் போனா இன்னொரு லைன் இருக்கணும்மா" என்றார் அவர்.

ஒரு நாள் எல்லா லைனும் போனது. அண்ணன் பாத்ரூமுக்குப் போன நேரத்தில், அக்கா வாசலைத் தாண்டி, பஸ் ஸ்டாண்டு வரைக்கும் நடந்துவிட்டார். அன்றைக்கு வத்தலக்குண்டு பஸ்ஸில் புதுக் கண்டக்டர், சமவெளிக்காரர், அண்ணனிடம் பரீட்சை எழுதாதவர். "வாங்க வாங்க, ஏறுங்க" என்று பொதுவாகக் கூவியிருக்கிறார். கூப்பிட்டால் நம் அக்கா போகாமல் இருப்பாரா?

மத்தியானம் ஆகியும் ஆளைக் காணோம். முருகேசுவும் குதிரைக்காரர்களும் ஆளுக்கொரு திசையாகப் போய்த் தேடினார்கள். அண்ணன் என் கவுண்டர் முன்னால் வந்து நின்றார், அண்ணாந்து பல்பைக்கூடப் பார்க்கவில்லை. பல்பைப் பார்க்காத வோல்டேஜ் அண்ணனை நான் அன்றைக்குத்தான் முதல்முதலாகப் பார்த்தேன்.

அப்போது ஆஸ்பத்திரிக்குப் போன் வந்தது. வத்தலக்குண்டில் ஒரு சின்ன நர்ஸிங் ஹோமிலிருந்து. அக்கா பஸ் ஸ்டாண்டில் இறங்கும்போது விழுந்து, முழங்காலுக்குக் கீழே ஆழமாகக் கிழிந்திருக்கிறது. அங்கிருந்தவர்கள் தூக்கிப்போய்ச் சேர்த்திருக்கிறார்கள். காயத்துக்குத் தையல் போட்டு, ஊசிக்கு மருந்தும் எடுத்தாயிற்று. பென்சிலின் குடும்பத்து மருந்துதான். டாக்டர், "எந்த மருந்தாவது ஒத்துக்காதாம்மா?" என்று கேட்டிருக்கிறார். அக்கா, "எல்லாம் ஒத்துக்கும்" என்றிருக்கிறார்.

அவரைத் தூக்கிவந்தவர்களில் ஒருவர் மன்னவனூர்க்காரர், மலையிலிருந்து கேரட் மூட்டை ஏற்றிவருகிற சுமைக்காரர். சட்டையில் பட்ட ரத்தத்தைக் கழுவிவிட்டு உள்ளே வந்தவர் அப்போதுதான் அக்காவின் முகத்தை நன்றாகப் பார்த்திருக்கிறார். "அய்யய்யோ! இது பென்சிலின் அக்கா! ஆகாது, ஆகாது!" என்று ஊசிக்கும் அக்காவுக்கும் நடுவில் போய் விழுந்துவிட்டார். அக்காவின் பெயர் என்ன என்று கேட்டால் அவருக்குத் தெரியவில்லை. வீடு தெரியவில்லை. சந்தையில் அண்ணன் பிடித்துவைத்து ஒப்பிக்கச் சொன்னதில் பெயர் மறந்துபோய், மருந்து மட்டும் மண்டையில் நின்றிருக்கிறது. கொடைக்கானல் ஆஸ்பத்திரியில் கேட்டால் தெரியும் என்று அவர்தான் போன் போடச் சொன்னாராம்.

அண்ணன் போனைப் பிடுங்கினார். "சிஸ்டர், அவ என் சம்சாரம். நான் கெளம்பிட்டேன். ஒண்ணு சொல்றேன் கேளுங்க, யாரு கூப்பிட்டாலும் கூடப் போயிருவா. யாரு வந்து சொந்தம்னு சொன்னாலும் அனுப்பிராதீங்க!" என்றார்.

டாக்சியில் மலை இறங்கினோம். வழி நெடுக அண்ணன் டெஸ்டரைக் கையில் பிடித்துக்கொண்டு வந்தார், அது ஜெபமாலையோ என்னவோ. அங்கே போய்ச் சேர்ந்தால், அக்கா கட்டிலில் உட்கார்ந்து, காலில் கட்டோடு, பக்கத்துப் படுக்கைக்காரம்மாவுக்கு ஆரஞ்சு உரித்துக் கொடுத்துக்கொண்டிருந்தார். அண்ணன் "சலேத்து" என்று பாய்ந்தார். நர்ஸ் குறுக்கே வந்து நின்றாள்.

"நீங்க யாருங்க?"

"அவ வீட்டுக்காரன்ம்மா. நான்தான போன்ல பேசுனேன்."

"போன்ல பேசுனவரு யாரு வந்து சொந்தம்னு சொன்னாலும் அனுப்பாதீங்கன்னாரு. ஆதார் கார்டு இருக்கா?"

அவசரத்தில் போட்டது போட்டபடி வந்த மனிதர். மேல்சட்டை பட்டனே மாறிக் கிடந்தது. நான் சாட்சி சொன்னேன். "நீங்களும் அவர்கூட வந்தவங்கதான?" என்றாள் நர்ஸ். நியாயம்தானே. எனக்குக் கோபமும் வந்தது, அவளைக் கையெடுத்துக் கும்பிடலாம் போலவும் இருந்தது. எங்கள் நர்ஸும் அன்றைக்கு இப்படிக் கேட்டிருந்தால் எவ்வளவு நன்றாக இருந்திருக்கும்.

நர்ஸ் அக்காவிடம் திரும்பினாள். "அம்மா, இவரு யாருன்னு உங்களுக்குத் தெரியுதா?"

அப்போதுதான் எனக்கு உறைத்தது. ஊர் முழுக்க அக்காவை யார் என்று சொல்லிக் கொடுத்த மனிதர், தன்னை யார் என்று அக்காவுக்கு ஒரு தரம்கூடச் சொல்லிக் கொடுக்கவில்லை. அது தேவைப்படும் என்று அவருக்குத் தோன்றவே இல்லை. அண்ணன் இப்போதும் சொல்லிக் கொடுக்கவில்லை. பரீட்சையில் தானே எழுந்து நிற்கிற பிள்ளை மாதிரி, கையைக் கட்டிக்கொண்டு நின்றார்.

அக்கா உடனே சிரிக்கவில்லை. "இந்தா வர்றேன்" என்று சொல்லவில்லை. ஆரஞ்சைக் கீழே வைத்தார். அண்ணனின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். நெற்றி சுருங்கியது. ரொம்ப நேரம் யோசித்தார்.

"பேரு வர மாட்டேங்குது சிஸ்டர்" என்றார். பிறகு, "ஆனா இவரு நம்ம ஆளு" என்றார்.

சொல்லிவிட்டு, கையை நீட்டி அண்ணனைப் பக்கத்தில் இழுத்து, மாறிப்போன பட்டனைக் கழற்றிச் சரியாகப் போட ஆரம்பித்தார். நர்ஸ் ஒதுங்கிக்கொண்டாள். அண்ணன் அழுதார். சும்மா இல்லை, அந்த வார்டே திரும்பிப் பார்க்கிற மாதிரி, சின்னப்பிள்ளை போல அழுதார். நானும் அழுதேன், அதைச் சொல்வதற்கு எனக்கென்ன வெட்கம்?

திரும்பி மலை ஏறும்போது அக்கா அவர் தோளில் தூங்கிவிட்டார். ஒவ்வொரு வளைவிலும் அக்காவின் தலை கண்ணாடியில் இடிக்காதபடி அண்ணன் கை வைத்துப் பிடித்துக்கொண்டார். நான் வாயை வைத்துக்கொண்டு சும்மா இராமல், "அண்ணே, ஒருவேளை அக்கா தெரியலைன்னு சொல்லியிருந்தா என்ன பண்ணியிருப்பீங்க?" என்று கேட்டேன்.

"என்ன பண்ண? அங்கயே ஒரு ஓரமா உக்காந்து, மொதல்ல இருந்து பழகியிருப்பேன்" என்றார்.

சலேத் அக்கா அதற்கப்புறம் சில வருடங்கள் இருந்தார். எந்தத் தப்பான ஊசியும் இல்லாமல், சொந்தக் கட்டிலில், அண்ணன் கையைப் பிடித்தபடி போய்ச் சேர்ந்தார். எனக்கும் கல்யாணமாகி மதுரைக்கு வந்தாயிற்று.

போன மாதம் அண்ணனுக்குக் கண்ணில் புரை என்று இங்கே ஓர் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனேன். உள்ளே நுழைந்ததும் அண்ணாந்து பார்த்து, "வோல்டேஜ் பரவால்ல" என்றார். கண்ணில் மருந்து ஊற்றி உட்கார வைத்திருந்தபோது நர்ஸ் வந்து அவருடைய பெயர், ஊர், வயசு எல்லாம் கேட்டுச் சரிபார்த்தாள். அப்புறம் என்னைப் பார்த்து, "நீங்க யாரு? மகளா, மருமகளா?" என்று கேட்டாள்.

இரண்டும் இல்லை. நான் சொன்னேன்: "இவரு நம்ம ஆளு சிஸ்டர்."